ஒரு புல்லிக்கு 3,500 ரூபாயா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு விவாதம் ஓடியது. ஸ்ரீரங்கத்தில் அண்ணன் வீட்டில் நிற்கும் அம்பாசடருக்கு இன்ஜின் புல்லி ஒன்று மாற்றினோம். லேத்து பட்டறையில் அதைக் கடைந்து கொடுக்க 3,500 ரூபாய் வாங்கினார்கள். "ஒரு இரும்பு வட்டத்துக்கு இவ்வளவா? அத்தையை நல்லா ஏமாத்திட்டாங்க" என்று ஒருவர் எழுத, நாலு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். இன்னொருவர், "பேசாம வண்டியையே காயலான் கடைக்குப் போட்டிருக்கலாம்" என்றார். அங்கே பதில் எழுதினால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வேலைக்கு 3,500 ரூபாய் குறைவு. அந்த வேலை தெரிந்தவருக்கு நாம் தரும் மரியாதை அதைவிடக் குறைவு. இது இப்படியே போனால் நஷ்டம் அவர்களுக்கு மட்டுமில்லை, நமக்கும்தான்.

கார் பற்றித் தெரியாதவர்களுக்காக: புல்லி என்பது கிணற்றில் கயிறு ஓடுகிற கப்பியின் உறவுக்காரன். இன்ஜினுக்குள் பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வருவதைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாஃப்ட். அதன் முன்முனை இன்ஜினுக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே மாட்டியிருப்பதுதான் கிராங்க் புல்லி. அதன் பள்ளத்தில் ஃபேன் பெல்ட் ஓடும். அந்த ஒரே பெல்ட்தான் காற்றாடியையும் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது, பேட்டரிக்கு மின்சாரம் தரும் டைனமோவையும் சுற்றுகிறது. புல்லி ஆடினால் பெல்ட் தேயும், நழுவும். பெல்ட் நழுவினால் தண்ணீர் சுற்றாது, இன்ஜின் கொதிக்கும், பேட்டரி இறங்கும். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய ஒரு பொருளை நம்பித்தான் முழு வண்டியும் ஓடுகிறது.

அண்ணனுடையது 1968-இல் பதிவான மார்க் 2. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. உங்களில் பலர் அதில் ஏறியிருக்கிறீர்கள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போனவர்கள், மாப்பிள்ளை அழைப்புக்கு மாலையோடு உட்கார்ந்தவர்கள் எல்லாம் இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியை ஒட்டி, வங்காளத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் இறுதியில் தொடங்கி 2014 வரை செய்த வண்டி அம்பாசடர். 2017-இல் அந்தப் பெயரை மட்டும் பிரான்சின் பூஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பெயருக்கே 80 கோடி. நம் வீட்டில் நிற்கும் வண்டிக்குக் காயலான் கடைக்காரர் சொன்ன விலை 35,000.

அந்த வண்டியின் புல்லி வயதாகிக் கெட்டுப்போகவில்லை. அதற்குப் பின்னால் உள்ள ஆயில் சீலை மாற்ற ஒரு வருடம் முன்பு ஒரு பட்டறைக்கு வண்டி போனது. எந்தப் பட்டறை என்பது இங்கே தேவையில்லை. அங்கே புல்லியைக் கழற்றக் கடப்பாரையால் நெம்பியிருக்கிறார்கள், சுத்தியலால் தட்டியிருக்கிறார்கள். விளிம்பு ஓரிடத்தில் நெளிந்து, பக்கத்தில் கீறலும் விட்டது. அதைத் தட்டி நிமிர்த்தி, அப்படியே மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆறு மாதத்தில் மூன்று பெல்ட். ஒரு வெயில் நாளில் காவிரிப் பாலத்தின் நடுவில் வண்டி ஆவி கக்கிக்கொண்டு நின்றது. ஐம்பது வருடம் ஒழுங்காகச் சுற்றிய பொருள் அரை மணி நேர அவசரத்தில் போனது.

பழைய உதிரிப் பாகக் கடைகளில் தேடினோம். இரண்டு கிடைத்தன. ஒன்று 1990களில் வந்த இசுசு இன்ஜின் அம்பாசடருடையது, இதற்குப் பொருந்தாது. மற்றொன்று இதே இன்ஜினுடையதுதான், ஆனால் நடுத்துளை தேய்ந்து லொடலொடவென்று இருந்தது. அதற்குப் பிறகுதான் புதிதாகக் கடைவது என்று முடிவானது.

இனி அந்த வேலையை நான் பார்த்தபடி சொல்கிறேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

கழற்ற வந்தவர் திருவானைக்காவலைச் சேர்ந்த மெக்கானிக், அறுபது வயதிருக்கும். முதல் நாள் அவர் எதையும் கழற்றவே இல்லை. ரேடியேட்டர் தண்ணீரை இறக்கினார். புல்லியின் நடுவில் இருக்கும் பெரிய நட்டைச் சுற்றி மண்ணெண்ணெய் விட்டார். பழைய வண்டிகளில் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றுவார்களே, அந்த ஹேண்டில் போய்க் கவ்வுவது இந்த நட்டைத்தான். "ராத்திரி ஊறட்டும் டீச்சரம்மா. நாளைக்கு நம்ம பேச்சைக் கேட்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அண்ணன் மகனுக்குப் பொறுக்கவில்லை. "இதுக்கு ஒரு நாளா அத்தை?" என்றான். தோசை மாவுக்கு மட்டும் ராத்திரி முழுக்க நேரம் கொடுக்கிறோமே என்றேன்.

மறுநாள் ரேடியேட்டரைக் கழற்றி வைத்தார். டைனமோவின் போல்ட்டுகளைத் தளர்த்திப் பெல்ட்டை எடுத்தார். அந்தப் பெரிய நட்டு தானாகக் கழலாமல் இருக்க அதன் அடியில் ஒரு தகட்டு வாஷர் உண்டு. அதன் ஓரம் நட்டின்மேல் மடித்துவிடப்பட்டிருக்கும். உளியின் நுனியால் அந்த மடிப்பை மெல்ல நிமிர்த்தினார். வண்டியை டாப் கியரில் போட்டு, அண்ணன் மகனைப் பிரேக்கை அழுத்திக்கொண்டு உட்காரச் சொன்னார். அப்போதுதான் நட்டைத் திருகும்போது இன்ஜினும் கூடவே சுற்றாது. நீளமான கைப்பிடி போட்டு ஒரே இழுப்பு. நட்டு விட்டுக்கொடுத்தது.

அடுத்ததுதான் முக்கியமான கட்டம். சென்ற முறை சுத்தியல் வேலை செய்த இடத்தில் இந்த முறை புல்லர் வேலை செய்தது. புல்லர் என்பது நண்டுக் கால்போலக் கொக்கிகளும் நடுவில் ஒரு நீண்ட திருகும் உள்ள கருவி. கொக்கிகள் புல்லியைப் பின்னாலிருந்து பிடிக்கும், நடுத்திருகு ஷாஃப்ட்டின் முனையில் ஊன்றும். திருகத் திருகப் புல்லி நேராக வெளியே வரும். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கொக்கியை விளிம்பில் போட்டால் விளிம்பு போய்விடும். வண்டிச் சக்கரத்தில் குடம் என்று சொல்வோமே, அதுபோல நடுவில் தடித்திருக்கும் பாகத்துக்குப் பின்னால் பிடிக்க வேண்டும். ஷாஃப்ட் முனையின் மரை கெடாமலிருக்கத் திருகுக்கும் அதற்கும் நடுவில் ஒரு பித்தளைத் துண்டு வைத்தார். கால் சுற்று திருகுவார், நிறுத்துவார், பார்ப்பார். இருபது நிமிடம் ஆனது. 'டக்' என்று ஒரு சத்தம். புல்லி கையோடு வந்துவிட்டது.

சுத்தியலால் அடித்தால் என்ன என்று கேட்டேன். "அடி புல்லியோட நிக்காதும்மா. ஷாஃப்ட்டு பின்னால தள்ளும். உள்ள அதைத் தாங்குற வாஷருங்க அடி வாங்கும். வெளிய ஒண்ணும் தெரியாது. ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரியும்" என்றார். வகுப்பில் பிள்ளையை அடிப்பதைப் பற்றியும் இதையே சொல்லலாம். ஆனால் அது வேறு பதிவு.

ஷாஃப்ட்டில் ஒரு சின்னப் பள்ளம். அதில் அரை நிலா வடிவில் ஒரு இரும்புத் துண்டு. கீ என்கிறார்கள். புல்லி ஷாஃப்ட்டின்மேல் வழுக்காமல் கூடவே சுற்றுவது இதனால்தான். மாட்டுவண்டிக்குக் கடையாணி எப்படியோ இதற்கு இது அப்படி. அதைத் துடைத்து ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு என் கையில் கொடுத்தார். "இதை நீங்க வச்சுக்குங்க. தொலைஞ்சா வேலை நின்னுடும்."

பழைய புல்லியை எடுத்துக்கொண்டு அரியமங்கலம் பக்கம் ஒரு லேத்து பட்டறைக்குப் போனோம். நடத்துபவருக்கு ஐம்பது வயதிருக்கும். பழைய புல்லியை வாங்கி முதலில் அவர் பார்த்தது உடைந்த இடத்தை இல்லை. விளிம்பில் இருந்த ஒரு சின்ன வெட்டைத் தேடிப் பிடித்தார். அந்த வெட்டு இன்ஜினில் உள்ள முள்ளுக்கு நேரே வரும்போது முதல் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம். அதை வைத்துத்தான் தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதைச் சரிசெய்கிறார்கள். கீ உட்காரும் பள்ளத்துக்கும் அந்த வெட்டுக்கும் நடுவில் உள்ள கோணம் புதுப் புல்லியிலும் அப்படியே வர வேண்டும். கொஞ்சம் தவறினாலும் புல்லி அழகாகச் சுற்றும், ஆனால் அடுத்து வரும் மெக்கானிக்குக் காலாகாலத்துக்கும் பொய் சொல்லிக்கொண்டிருக்கும். வெறும் வட்டம் வெட்டிக் கொடுக்கிறவர் இதைக் கவனிக்க மாட்டார்.

அடுத்து அளவு. ஷாஃப்ட்டின் முனையை அளக்க அவரே மைக்ரோமீட்டரோடு ஸ்ரீரங்கம் வந்தார். பழைய புல்லியின் துளையை நம்பி வெட்டக்கூடாதாம், அது அடிபட்டது. ஷாஃப்ட்டை மூன்று இடத்தில், ஒவ்வோர் இடத்திலும் இரண்டு திசையில் அளந்து, ஒரு பழைய டைரியில் எழுதிக்கொண்டார். துளை ஷாஃப்ட்டைவிடப் பெரிதாக இருந்தால் புல்லி ஆடும், அதிகம் சிறிதாக இருந்தால் ஏறாது. அவர் பேசிய வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு பங்கு. நம் தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது.

பெல்ட் உட்காரும் பள்ளத்தின் சாய்வைத் தகரத்தில் ஓர் அச்சு வெட்டிச் சரிபார்த்தார். பெல்ட் பள்ளத்தின் அடியைத் தொடக்கூடாது. இரண்டு பக்கச் சுவர்களையும்தான் கவ்வ வேண்டும். அடியைத் தொட்டால் பிடிமானம் போய் வழுக்கும். புல்லியின் குடப்பகுதி ஆயில் சீலுக்குள்தான் சுற்றுகிறது. அதனால் அந்தப் பரப்பைக் கண்ணாடிபோல வழவழப்பாக முடித்தார். அங்கே ஒரு கோடு இருந்தால்கூட எண்ணெய் கசியும். கீ உட்காரும் பள்ளத்தை வெட்ட ஸ்லாட்டிங் மெஷின் வைத்திருக்கும் இன்னொரு பட்டறைக்கு எடுத்துப்போய் வந்தார்.

மாட்டும் நாளில் நடந்தது எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குப் பிடிக்கும். புதுப் புல்லியைக் கொதிக்கும் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு வைத்தார்கள். குண்டும் வளையமும் சோதனை ஞாபகம் இருக்கிறதா? சூடாக்கினால் உலோகம் விரியும். துளையும் சேர்ந்து விரியும். துளை சின்னதாகிவிடும் என்று வருடா வருடம் பாதி வகுப்பு கை தூக்குமே! மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றுவதும் இதே கணக்குதான். வெந்நீரில் விரிந்த புல்லியை எடுத்துத் துடைத்து, சீலில் எண்ணெய் தடவி, கீயையும் பள்ளத்தையும் நேர்பார்த்துத் தள்ளினார்கள். சுத்தியலே தேவைப்படவில்லை. பிறகு நட்டை இறுக்கி, புது வாஷரின் ஓரத்தை அதன்மேல் மடித்துவிட்டார்கள்.

"டீச்சர் வீட்ல சாக்பீஸ் இருக்குமே?" என்றார் லேத்துக்காரர். கொடுத்தேன். ரேடியேட்டரை மாட்டுவதற்கு முன் ஹேண்டிலைப் போட்டு இன்ஜினை மெதுவாகச் சுற்றச் சொன்னார். சாக்பீஸை விளிம்பில் பட்டும் படாமலும் அசையாமல் பிடித்தார். புல்லி கோணலாக இருந்தால் மேடான இடத்தில் மட்டும் சுண்ணாம்பு ஒட்டும். சுற்று முழுக்க ஒரே சீரான வெள்ளைக் கோடு. முப்பத்தைந்து வருடம் சாக்பீஸ் பிடித்திருக்கிறேன். இவ்வளவு நேரான கோடு போட்டதில்லை.

பெல்ட்டை மாட்டி, நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கும் அளவுக்கு இழுத்துவைத்தார்கள். ரேடியேட்டரை மாட்டித் தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்ததும் சார்ஜ் விளக்கு அணைந்தது. அரை மணி நேரம் ஓடவிட்டும் சூடு ஏறவில்லை.

இப்போது அந்த 3,500 ரூபாய்க்கு வருவோம்.

இதில் இரும்பின் விலை சுமார் 600. ஸ்லாட்டிங் கூலி 400. மீதி 2,500 ரூபாயில் இரண்டு முறை ஸ்ரீரங்கம் வந்துபோனது, கிட்டத்தட்ட ஒரு முழுநாள் லேத்து வேலை, மின்சாரம், வெட்டும் டூலின் தேய்மானம், இடத்து வாடகை எல்லாம் அடங்கும். இவை போக, முப்பது வருட அனுபவத்துக்கு எவ்வளவு மிச்சம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

"புது காரின் புல்லியே ஆயிரத்துக்குள் கிடைக்கிறதே" என்று கேட்டீர்கள். உண்மைதான். அது ஆயிரக்கணக்கில் செய்யப்படுவது. கல்யாணச் சமையலில் ஓர் இலைக்கு ஆகும் செலவை வைத்துக்கொண்டு, ஒருவருக்கு மட்டும் அதே விருந்தைச் சமைத்துக் கொடு என்று கேட்க முடியுமா? இது உலகத்தில் ஒன்றே ஒன்று. இதற்கு வரைபடம் கிடையாது, மாதிரியும் உடைந்த மாதிரி. முதல் வெட்டிலேயே சரியாக வர வேண்டும். தவறினால் இரும்பும் போச்சு, நாளும் போச்சு, அந்த நஷ்டம் அவருடையது.

கைபேசியின் கண்ணாடி உடைந்தால் பேரம் பேசாமல் ஐயாயிரம் கொடுக்கிறோம். ஏசி போட்ட இடத்தில் சீருடை போட்டவர் கேட்டால் கொடுத்துவிடுகிறோம். கையில் கிரீஸ் இருப்பவர் கேட்டால் "ஏமாற்றுகிறார்" என்கிறோம். எனக்கு வருத்தம் இதில்தான்.

மாற்றுக் கருத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பழைய வண்டி புகை விடுகிறது, அதில் சீட் பெல்ட்டோ காற்றுப் பையோ கிடையாது, பெட்ரோலும் அதிகம் குடிக்கிறது. தினமும் ஆபீசுக்கு ஓட்டுவதற்கு அது சரியில்லை என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. மத்திய அரசு 2021 ஜூலையில் விண்டேஜ் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான இருசக்கர, நான்குசக்கர வண்டிகளுக்கு அது பொருந்தும். புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. எண் பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு இவற்றுக்குத்தான் சாலையில் ஓட்டலாம். அன்றாட உபயோகத்துக்கும் வியாபாரத்துக்கும் கூடாது. நியாயமான ஏற்பாடு.

அந்த விதியில் இன்னொரு நிபந்தனை உண்டு. வண்டி அதன் அசல் நிலையில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். சேசிஸ், உடல்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. இந்த நிபந்தனையைக் காப்பாற்றுவது யார் என்று யோசியுங்கள். பாகம் கிடைக்கவில்லை என்று வேறு இன்ஜினைத் தூக்கி வைத்துவிட்டால் வண்டி போச்சு. அதே அளவில், அதே வெட்டோடு ஒரு பாகத்தைக் கடைந்து கொடுக்கிற கை இருந்தால்தான் 'அசல் நிலை' என்ற சொல்லுக்கு உயிர். கை இல்லையென்றால் விதி வெறும் காகிதம்.

கார் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். நம் ஊருக்குள்ளேயே இதைவிடப் பெரிய உதாரணம் இருக்கிறது. நீலகிரி மலை ரயில் 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறும் அந்த எக்ஸ் வகை நீராவி இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்டவை. நூறு வருடப் பழைய இன்ஜினுக்கு எந்தக் கடையில் போய்ப் பாகம் கேட்பது? நம் பொன்மலைப் பணிமனையில்தான் செய்தார்கள். பாகங்களோடு நிற்கவில்லை. 2011 தொடங்கிய சில ஆண்டுகளில் எண்ணெயில் ஓடும் நான்கு புதிய எக்ஸ் வகை இன்ஜின்களையே அங்கே கட்டி மலைக்கு அனுப்பினார்கள். 2021-இல் நிலக்கரியில் ஓடும் ஒன்றையும் கட்டினார்கள். திருச்சிக்காரர்களாகிய நாம் ஊட்டி ரயிலில் செல்ஃபி எடுத்துப் போடும்போது, இது எங்கள் பொன்மலை வேலை என்று ஒருவராவது எழுதியிருக்கிறோமா?

காவிரிப் பாலத்தையும் நினைத்துப் பாருங்கள். 1976-இல் திறந்த பாலம். 2022 இறுதியில் அதை மூடிப் பழுதுபார்த்து 2023 மார்ச்சில் திறந்தார்கள். சுற்றிக்கொண்டு போகிறோமே என்று எல்லோரும் புலம்பினோம். ஆனால் தேய்ந்த இணைப்புகளை முறையாக எடுத்துவிட்டு மாற்ற நாள் ஆகும். பிடுங்குவது சுலபம், சுற்றியுள்ளது கெடாமல் எடுப்பதுதான் வேலை.

அந்த லேத்து பட்டறையில் நான் பார்த்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே இரண்டு லேத்து இருக்கின்றன. ஒன்று ஓடுகிறது, மற்றது சாக்கு போட்டு மூடியிருக்கிறது. "ஆளு இல்லம்மா. வர்ற பசங்க மூணு மாசத்துல டெலிவரி வேலைக்குப் போயிடறாங்க. அங்க அன்னைக்கே காசு. என்னால அவங்களக் குத்தம் சொல்ல முடியல" என்றார். அவருடைய இடதுகைச் சுண்டுவிரலில் நுனி இல்லை. எப்படி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "இன்னும் பத்து வருஷம் நான் இருப்பேன். அதுக்கப்புறம் நீங்க யாருகிட்டப் போவீங்கன்னு எனக்கே தெரியல" என்று மட்டும் சொன்னார்.

இதற்குக் கல்வியிலும் பங்கு இருக்கிறது. நான் படித்த பள்ளியில் கைத்தொழில் என்று ஒரு பாடவேளை இருந்தது. தக்ளியில் நூல் நூற்றோம். காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியின் மிச்சம் அது. ஆசிரியர் பயிற்சியிலும் எங்களுக்குக் கைவேலை உண்டு. நான் ஓய்வு பெறுவதற்குப் பல வருடம் முன்பே, உயர்நிலைப் பள்ளிகளில் அந்தப் பாடவேளை பெயருக்கு அட்டவணையில் இருக்கும், கணக்கு வாத்தியார் வந்து எடுத்துக்கொள்வார்.

கைத்தொழிலை மீண்டும் பள்ளிக்குக் கொண்டுவாருங்கள் என்று தமிழ்நாட்டில் யார் சொன்னாலும் உடனே ஒரு சந்தேகம் எழும். எழவும் வேண்டும். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. பாதி நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்றால், செருப்புத் தைப்பவர் பிள்ளை செருப்புத் தைக்கவும் மற்றவர் பிள்ளை படிக்கவும்தானே அது முடியும்? 1954-இல் காமராஜர் முதல்வரானதும் அதைக் கைவிட்டார். அந்த முடிவால்தான் என் தலைமுறையில் பலர் பள்ளிப்படி ஏறினோம். அதை நான் ஒருநாளும் மறக்க மாட்டேன்.

நான் கேட்பது அதற்கு நேர் எதிரானது. லேத்துக்காரர் பிள்ளை விருப்பப்பட்டால் டாக்டர் ஆகட்டும். டாக்டர் பிள்ளையும், பெண் பிள்ளையும், அர்ச்சகர் வீட்டுப் பிள்ளையும் ஒரு வெர்னியரைக் கையில் பிடித்து அளக்கட்டும். ஒரு நட்டை மரை கெடாமல் கழற்றி மாட்டட்டும். எல்லோரும் அந்த வேலைக்குப் போக வேண்டும் என்பதில்லை. ஒருமுறை தானே செய்து பார்த்தவர் நாளைக்கு அந்தக் கூலியைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்.

மரியாதை என்று நான் சொல்வது மேடையில் பொன்னாடை போர்த்துவதை இல்லை. கேட்ட கூலி நியாயமென்றால் பேரமில்லாமல் கொடுப்பது. பட்டறையில் கண்ணாடியும் காப்பும் காற்றோட்டமும் இருக்கிறதா என்று பார்ப்பது. காப்பீடு பற்றி எடுத்துச் சொல்வது. விரல் பறிபோகிற இடத்துக்கு, மாதச் சம்பளம் நிச்சயமில்லாத இடத்துக்குப் பிள்ளைகளை வா என்று கூப்பிடும் உரிமை யாருக்கும் இல்லை. கூலி உயர்ந்தால்தான் பாதுகாப்பு வரும், அப்போதுதான் கற்றுக்கொள்ள ஆள் வரும்.

என் மாணவர்களில் இப்போது தலைமை ஆசிரியர்களாகவும் பொறியாளர்களாகவும் இருப்பவர்கள் பத்துப் பேருக்கு மேல் இதைப் படிப்பீர்கள். உங்களிடம் உரிமையோடு சிலவற்றைக் கேட்கிறேன்.

தலைமை ஆசிரியர்களே, வருடத்துக்கு ஒருநாள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு லேத்து பட்டறைக்கோ திருவெறும்பூர் அரசு ஐடிஐக்கோ அழைத்துப் போங்கள். அளவியல் பாடத்தை அங்கே நடத்துங்கள்.

பொறியாளர்களே, உங்கள் நிறுவனத்தில் கழித்துப்போடும் வெர்னியர், பழைய பென்ச் வைஸ் இருந்தால் முறையாக அனுமதி வாங்கி ஒரு பள்ளிக்குக் கொடுங்கள். எந்தப் பள்ளிக்கு வேண்டும் என்று நான் சொல்கிறேன்.

உறவுகளே, கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகளைத் திருச்சி ரயில் அருங்காட்சியகத்துக்கும், கோவை அவிநாசி சாலையில் இருக்கும் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் கார் அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப் போங்கள். பளபளக்கும் வண்டிகளைக் காட்டும்போது, "இதில் எந்தப் பாகம் பின்னால் செய்து போட்டதாக இருக்கும்?" என்று கேளுங்கள். நல்ல கேள்வி அது.

உங்கள் பகுதியில் இப்படிக் கவனமாக வேலை செய்யும் லேத்துக்காரர், மெக்கானிக், வெல்டர் இருந்தால் எந்த ஊர், என்ன வேலை என்று மட்டும் கருத்தில் எழுதுங்கள். தொலைபேசி எண்ணை அவர்களைக் கேட்டுக்கொண்டு எனக்குத் தனியாக அனுப்புங்கள். ஒரு பட்டியல் சேர்த்து, வேலை கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். சாக்கு போட்டு மூடியிருக்கும் அந்த இரண்டாவது லேத்துக்கு ஓர் ஆள் கிடைத்தாலும் இவ்வளவு நீளமாக எழுதியதற்குப் பலன்தான்.

எழுத்துப்பிழை இருந்தால் வழக்கம்போலச் சுட்டிக்காட்டுங்கள். மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்